செல்லாத எழுத்து

பெயர்க் கட்டத்திலேயே
என்னைத் திருப்பி அனுப்புகிறது படிவம்.
'செல்லாத எழுத்து' என்கிறது, சிவப்பில்.
கோபன்ஹேகனுக்குப் போகவேண்டிய விண்ணப்பம்.
நள்ளிரவோடு கதவு சாத்திவிடுவார்கள்.
இப்போது மணி ஒன்பதே கால்.
டோர்ஷவன் துறைமுகத்தில்
மழை மேலிருந்து விழாமல்
பக்கவாட்டில் வந்துகொண்டிருக்கிறது.

நான் ஹைருன்.
நடுவில் ஓர் எழுத்து உண்டு,
தலையில் குறுக்குக்கோடு வாங்கிய
வளைந்த எழுத்து.
எங்கள் தீவு மொழியில் அதற்கு ஒலி கிடையாது.
கூப்பிடுகிறவர் யாரும் சொல்வதில்லை
எழுதுகிறவர் யாரும் விடுவதில்லை.
ஞானஸ்நானச் சான்றிதழில், அஞ்சல் பெட்டியில்
இருபத்துநான்கு வருடமாகப்
பேசாமல் உட்கார்ந்திருக்கிறது.

சரி, அது கிடக்கட்டும்.

கல்வித் தகுதி:
மென்பொருள் பொறியியலில் இளநிலை.
மூன்று வருடப் படிப்பு எனக்கு நான்கானது.
தொகுப்பிகள் பாடத்தில் முதல் தடவை தோற்றதற்கு
இங்கே கட்டம் இல்லை.
அந்தக் குளிர்காலம் கிளாக்ஸ்விக் மீன் ஆலையில்
பட்டையருகே நின்றதற்கும் இல்லை.
எடை பார்த்துத் தள்ளும் இயந்திரக் கை
செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்
மூன்று கிலோ மீனை இரண்டு கிலோத் தொட்டியில் போட்டது.
ஹானுஸ் அதை ஓங்கி உதைப்பார்.
கொஞ்ச நேரம் ஒழுங்காக நடக்கும்.
நான் ஐந்து செவ்வாய் குறிப்பெடுத்தேன்.
திங்கள் இரவு தரை கழுவுவது வெந்நீரில்,
தராசு ஆறுவதற்குள் வேலை தொடங்கிவிடுகிறது.
அவ்வளவுதான்.
ஹானுஸ் உதைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

நிரல்மொழிகள், தேர்ச்சி ஒன்று முதல் ஐந்து வரை:
பைத்தானுக்கு நாலு.
சி மொழிக்கு மூன்று,
அதுவும் சுட்டிகள் என்னை மன்னித்த நாட்களில்.
ஹாஸ்கெல் தெரியும் என்றால் பொய்,
தெரியாது என்றால் அதுவும் பொய்.
எதற்கும் ஐந்து போடவில்லை.
ஐந்து போடுகிறவர்களோடு
குழுவேலை செய்திருக்கிறேன்.

ஆய்வு ஆர்வம், இருநூறு சொற்களுக்குள்.
ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேர் பேசும் மொழிக்கு
கேட்டதை எழுதித்தரும் நிரல் ஒன்று செய்கிறேன்.
கையில் இருப்பது பதினொரு மணி நேர ஒலிப்பதிவு.
அதில் பாதி கால்பந்து வர்ணனை,
அதனால் ஞாயிறு பிரசங்கத்தில்
அப்போஸ்தலர்கள் கோல் அடிக்கிறார்கள்.
அதைத் திருத்திவிடலாம்.
திருத்த வராதது அந்த எழுத்துதான்.
கேட்டதை எழுதும் இயந்திரம்
கேட்காததை எப்படி எழுதும்?
நூற்றுக்கு முப்பத்தொன்பது இடங்களில் விட்டுவிடுகிறது,
இல்லாத இடத்தில் சில சமயம்
தாராளமாகப் போட்டும் வைக்கிறது.
என் கேள்வி இவ்வளவுதான் என்று எழுதி
இவ்வளவுதான் என்பதை அழித்தேன்.

பதினொன்றே முக்கால்.
அந்த எழுத்தை எடுத்துவிட்டு
அதன் சாயலில் இருக்கும் 'டி'யைப் போட்டுப் பார்த்தேன்.
படிவம் பச்சையாகச் சிரித்தது.
ஹைட்ருன்.
யாரோ ஒருத்தி,
பல்லில் தட்டும் பெயர்க்காரி,
என் மதிப்பெண்களோடு அங்கே நின்றாள்.
பின்னால் அழுத்தினேன்.

பக்கத்தின் மூலநிரலைத் திறந்தேன்.
ஏ முதல் இசட் வரை அனுமதி,
கூடவே டேனிஷ்காரர்களின் மூன்று உயிரெழுத்துகள்.
என் மெய்க்கு இடமில்லை.
ஆனால் காவல் முழுக்க என் உலாவியில்தான்,
அந்தப் பக்கத்து வாசலில் யாருமே இல்லை.
ஒரே ஒரு வரியை நீக்கினேன்.
அனுப்பினேன்.
பதினொன்று ஐம்பத்தேழு.

தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்குள் மடல் வந்துவிட்டது.
அன்புள்ள, என்று தொடங்கி என் பெயர்.
நடுவில் அந்த எழுத்து இருந்த இடத்தில்
இரண்டு புது ஆட்கள்:
தொப்பி போட்ட ஒரு போர்த்துகீசிய 'ஆ',
வெப்பநிலைக்குப் போடுகிற குட்டி வட்டம்.
ஒரு மௌனம் உடைந்து இரண்டு இரைச்சல்.

சத்தமாகச் சிரித்தேன்.
எந்த இரண்டு பைட்,
யார் எந்த அட்டவணை வைத்துத் தப்பாகப் படித்தார்கள்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
அந்த நிமிடம் யாராவது கேட்டிருந்தால்
ஐந்து போட்டிருப்பேன்.